மழைக்கல்ல, உப்புக்கு: சிறிய போட்டுக்கான 12 வோல்ட் வைப்பர் செட்

பெட்டிக்குள் இருப்பவை இவ்வளவுதான்: கறுப்பு மூடி போட்ட ஒரு 12 வோல்ட் மோட்டோர், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் 64 மில்லிமீற்றர் ஷாஃப்ட், நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு கை, 11 அங்குல பிளேட், சின்ன சுவிச், ஒரு முழம் வயர், நாலு ஸ்க்ரூ, ஒரு பெரிய நட், இரண்டு றப்பர் வாஷர். பிராண்ட் பெயர் எதுவும் இல்லாமல் இணையக் கடைகளில் விற்கப்படும் ஒற்றை வைப்பர் செட் இது. மோட்டோர் கொடுத்த காசுக்குப் பெறும். சுவிச், வயர், ஸ்க்ரூ மூன்றையும் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். கை பரவாயில்லை. பிளேட் ஒரு சீசனுக்கு வரும்.

திருகோணமலையில் இது யாருக்குத் தேவை என்பதை முதலில் பார்க்கலாம். கண்ணாடியே இல்லாத 18 அடி மீன்பிடி பைபர் போட்டில் ஓட்டியின் உள்ளங்கைதான் வைப்பர். அவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். அந்த ஓட்டத்துக்கும் வைப்பர் ஆடம்பரம். தேவைப்படுவது முன்கண்ணாடியோ சிறு அறையோ வைத்த போட்டுகளுக்கு: திமிங்கிலம் காட்ட வெளிக்கடலுக்கு ஓடுபவை, கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்து மூதூருக்குப் போய்வருபவை, இரவில் துறைமுக வாய்க்குள் நுழைபவை.

வைப்பர் என்றதும் எல்லாரும் மழையைத்தான் நினைக்கிறார்கள். நவம்பர், டிசம்பர் வாடை மழையில் சிறிய போட்டுகள் பெரும்பாலும் கரையில்தான் கிடக்கும். கண்ணாடியை மறைப்பது உப்பு. மே முதல் ஒக்டோபர் வரையான சீசனில் விடியற்காலையில் கிழக்கே போகும்போது சூரியன் நேரே முகத்தில் நிற்கும். முதல் நாள் தெறித்துக் காய்ந்த உப்புப் படலத்தில் அந்த வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை. முன்னால் கிடக்கும் வலை மிதவைகூடத் தெரியாது. திரும்பி மேற்கே வரும்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் எதிர்க்காற்று, போட்டின் முன்பக்கமான அணியத்தில் உடையும் ஒவ்வொரு அலையும் கண்ணாடிக்கு வரும். மழைத்தண்ணீர் தானாக வழிந்துவிடும், உப்பு வழியாது. ஆகவே இந்த செட்டை எடைபோட வேண்டியது மழையில் எப்படித் துடைக்கிறது என்பதை வைத்தல்ல, உப்பை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்து. அந்தக் கணக்கில் பெட்டியில் பெரிய குறை ஒன்று இருக்கிறது: நல்ல தண்ணீர் பீச்சுவதற்கு எதுவுமே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

வாங்குவதற்கு முன் கண்ணாடி என்ன வகை என்று தெரிய வேண்டும். ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் மெதுவாகத் தட்டுங்கள். கணீர் என்றால் கண்ணாடி. மூலையில் சின்ன முத்திரை பொறித்திருந்தால் அநேகமாக டெம்பர் கண்ணாடி. மந்தமான சத்தம் வந்தால் பேர்ஸ்பெக்ஸ் அல்லது பொலிகார்பனேட், அதாவது பிளாஸ்டிக். டெம்பர் கண்ணாடியில் வைப்பர் நன்றாக ஓடும், ஆனால் அதில் துளை போட முடியாது. டிரில் முனை பட்டால் முழுக் கண்ணாடியும் தூள்தூளாகும். பேர்ஸ்பெக்ஸ் மென்மையானது. உப்புப் பரல் ஒன்று பிளேட்டுக்கு அடியில் சிக்கினால், அடுத்த அடியிலேயே வில்போல ஒரு கீறல் விழும். சில மாதத்தில் ஓட்டியின் கண்ணுக்கு நேரே மங்கலான அரைவட்டம் நிரந்தரமாகிவிடும். பேர்ஸ்பெக்ஸ் கண்ணாடிக்காரருக்கு எங்கள் பரிந்துரை தெளிவானது: தண்ணீர் பம்ப் இல்லாமல் இந்த செட்டைப் பூட்ட வேண்டாம். ஒரு போத்தல் நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் அதைவிடத் திறம்.

இனி அளவு. கை சுழலும் மையத்திலிருந்து பிளேட்டின் நடு வரை 300 மில்லிமீற்றர் வைத்து, 11 அங்குல பிளேட்டைப் போட்டால், பிளேட்டின் வெளிமுனை மையத்திலிருந்து 440 மில்லிமீற்றரில் இருக்கும். 110 பாகை வீச்சில் அந்த முனை போய்வரும் அகலம் ஏறத்தாழ 72 சென்றிமீற்றர். சட்டத்தில் இடிக்காமல் இருக்க கண்ணாடி 76 சென்றிமீற்றராவது அகலம் வேண்டும். 80 பாகை வீச்சில் முனை போய்வரும் அகலம் 57 சென்றிமீற்றர், கண்ணாடி 61 இருந்தால் போதும். சில மோட்டோர்களில் மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் சிறு இணைப்புக் கம்பியை வேறு துளைக்கு மாற்றினால் வீச்சு மாறும். சிலவற்றில் மாற்றவே முடியாது. வாங்கும்போது இதை எழுத்தில் கேட்டு வையுங்கள். வீச்சு பொருந்தாவிட்டால் கையைக் குறைப்பதுதான் ஒரே வழி, அப்போது துடைக்கும் இடம் சுருங்கும்.

ஷாஃப்ட் நீளத்தில் அதிகம் பேர் பிழைவிடுகிறார்கள். ஷாஃப்ட் துளைத்து வெளியே வரும் சுவரின் தடிப்போடு றப்பர் வாஷர் இரண்டு, நட், கையின் தலை எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நடுவில் பிளைவூட் வைத்த 25 மில்லிமீற்றர் அறைச் சுவருக்கு 38 மில்லிமீற்றர் ஷாஃப்ட் வைத்த செட் பற்றாது, 64 சரி. வெறும் பைபர் சுவர் 6 அல்லது 8 மில்லிமீற்றர்தான் என்றால் 64 அளவுக்கு மீறி வெளியே நீட்டும். கை கண்ணாடியிலிருந்து விலகி நிற்கும், அழுத்தம் வராது. அதற்கு மோட்டோருக்கும் சுவருக்கும் இடையில் தடித்த பிளாஸ்டிக் வெட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். மரக்கட்டை வேண்டாம், ஊறும்.

கண்ணாடி சாய்ந்திருந்தால் அதே துண்டை ஆப்பு வடிவில் சீவ வேண்டும். ஷாஃப்ட் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்பதுதான் குறி. செங்குத்து விலகினால் வீச்சின் ஒரு ஓரத்தில் பிளேட் அழுந்தும், மறு ஓரத்தில் தூக்கும். பிறகு ‘டர் டர்’ என்று துள்ளித் துள்ளி ஓடும், கண்ணாடியில் கோடுகோடாகத் தண்ணீர் நிற்கும். பழியை எல்லாரும் பிளேட்டின் மேல் போட்டு மூன்று பிளேட் மாற்றுவார்கள். குற்றம் துளையில்.

துளை போட உள்ளிருந்து 3 மில்லிமீற்றரில் வழித்துளை ஒன்று, பிறகு வெளியிலிருந்து பெரிய துளை. இரண்டு பக்கமும் காகித டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டிரில்லில் மாட்டும் வட்டத்துளை வாளைப் பயன்படுத்தினால் முதல் சில சுற்று டிரில்லைப் பின்பக்கமாக ஓட்டுங்கள், பைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட் பொரிந்து உதிராது. துளை, ஷாஃப்டைச் சுற்றியுள்ள புஷ் குழாயை விட 1 அல்லது 2 மில்லிமீற்றர் பெரிது போதும். நடுவில் பிளைவூட் இருந்தால் துளையைச் சுற்றி 5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு மரத்தைச் சுரண்டி எடுத்து எப்பொக்சி நிரப்பி, இறுகிய பிறகு மறுபடி துளை போட வேண்டும். இதைத் தவிர்த்தால் வைப்பர் பழுதாகுமுன் சுவர் உக்கிவிடும். ஒரு நாள் கூடுதல் வேலைதான், தவிர்க்கவே வேண்டாம்.

துளையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் விஷயத்தில் கடைக்காரர் எடுத்துத் தரும் முதல் டியூபை வாங்கிவிடாதீர்கள். வினாகிரி மணம் வரும் சிலிக்கன் உலோகத்தை அரிக்கும். பைபருக்கும் உலோகத்துக்கும் இடையில் சிகாஃப்ளெக்ஸ் 291 போன்ற பொலியூரித்தேன் வகை நல்லது. ஆனால் அது பேர்ஸ்பெக்ஸ், பொலிகார்பனேட் விளிம்பில் படக்கூடாது. பொலிசல்பைட் வகையும் அப்படியே, பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும். பிளாஸ்டிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மணமில்லாத நியூட்ரல் சிலிக்கன்தான். நட்டை இறுக்கும்போது றப்பர் வாஷர் இலேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் றப்பர் சப்பையாகி, தண்ணீர் ஷாஃப்ட் வழியே மோட்டோருக்குள் இறங்கும். வைப்பர் மோட்டோர் செத்துப்போவது அநேகமாக இப்படித்தான்.

பெட்டியில் வரும் ஸ்க்ரூ நாலும் முலாம் பூசிய இரும்பு. உப்புக்காற்றில் சீக்கிரமே துரு வழிந்து ஜெல்கோட்டில் கறை விடும். நகரத்து ஹாட்வெயார் கடையில் 316 ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். 304 தந்தால் காந்தம் வைத்துப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, தலையில் ‘ஏ4’ என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ2 என்றால் 304 இனம். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரே தொடக்கூடாது. நைலோன் வாஷர் போட்டு, மரையில் தண்ணீர் புகாத கிரீஸ் தடவுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளை மாவாகக் கரையும்.

கையை மாட்டுமுன் மோட்டோரை வெறுமனே ஓட விட்டு, அது தானாக ஓரத்தில் வந்து நின்ற பிறகே கையை ஷாஃப்டில் குத்த வேண்டும். அவசரத்தில் முதலிலேயே மாட்டினால் நிற்கும் இடம் கண்ணாடியின் நட்டநடுவாக அமையும், சில நேரம் பிளேட் சட்டத்தில் அடித்து மடங்கும். ஷாஃப்டின் பல்வெட்டில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். கையின் தலை துத்தநாகக் கலவை. கிரீஸ் இல்லாமல் வருடம் ஒன்று போனால் ஷாஃப்டோடு ஒட்டிப்பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது தலைதான் உடையும். முதல் ஒரு மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு தலை நட்டை மறுபடி இறுக்குங்கள். பற்கள் பதிந்த பிறகு நட் தளர்வது வழக்கம். மோட்டோர் உறுமுகிறது, கை அசையவில்லை என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் அநேகமாக இதுதான்.

அழுத்தத்தை ஊகிக்க வேண்டாம். மீன் நிறுக்கும் தூக்குத் தராசைப் பிளேட்டின் நடுவில் கொளுவி, கண்ணாடியிலிருந்து பிளேட் எழும்பும் நேரத்தில் முள்ளைப் பாருங்கள். 11, 12 அங்குல பிளேட்டுக்கு 450 கிராமுக்குக் கிட்ட இருந்தால் அளவு சரி. 300க்குக் கீழே என்றால் ஓட்டத்தின் காற்று பிளேட்டைத் தூக்கிவிடும். 700ஐத் தாண்டினால் மோட்டோர் திணறும், பேர்ஸ்பெக்ஸ் கீறும். கையைக் கவனமாக வளைத்து இதைச் சரிசெய்யலாம். வளைப்பதைக் கண்ணாடிக்கு மேல் வைத்துச் செய்யாதீர்கள்.

வயரிங்கில் பைபர் போட் காரைப்போல அல்ல. காரில் உடம்பே மைனஸ். பைபர் போட்டில் அப்படி ஒரு உடம்பு கிடையாது. ஆகவே பற்றரிக்குப் போய் வர இரண்டு தனி வயர் வேண்டும். செட்டோடு வரும் வயர் முக்கால் சதுர மில்லிமீற்றர் அளவுதான் தேறும். மோட்டோர் 3 அம்பியர் இழுக்கிறது, போய்வரும் தூரம் 10 மீற்றர் என்று வைத்தால், அதிலேயே 0.7 வோல்ட் தொலையும். 1.5 சதுர மில்லிமீற்றரில் 0.35, 2.5இல் 0.21. வைப்பர் சோம்பலாக ஓடுகிறது என்று மோட்டோரைத் திட்டுமுன் மோட்டோர் முனையில் மீற்றரை வைத்துப் பாருங்கள். 2.5 போடுங்கள், ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் அதுவே. சாதாரணச் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். பியூஸ் 5 அம்பியர், பற்றரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள். சுவிச்சுக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்தால் அதற்கு முன்னால் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

இணைப்பை முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை இங்கேயாவது விடுங்கள். வயர் முனைகளை உலோகக் குழாயில் நெரித்து கிரிம்ப் அடித்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய் போட வேண்டும். மோட்டோருக்குப் போகும் வயரை மோட்டோருக்குக் கீழே ஒரு தொங்கலாக இறக்கி மேலே ஏற்றுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டும், மோட்டோருக்குள் போகாது. சுவிச் றப்பர் தொப்பி போட்ட வகையாக, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 67 தரத்தில் இருக்கட்டும்.

தானாக ஓரத்தில் நிற்கும் மோட்டோர் என்றால், சுவிச்சை அணைத்த பிறகும் ஒரு வயரில் பிளஸ் நின்றால்தான் அது ஓரம் வரை போய் நிற்கும். அதை விளங்காமல் பிளஸ் எல்லாவற்றையும் சுவிச் வழியே எடுத்தால், அணைத்த இடத்திலேயே கை நிற்கும். பலர் இதைப் ‘பழுது’ என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வயர் நிறத்தை நம்ப வேண்டாம்; ஒரே மாதிரியான இரண்டு பெட்டியில்கூட நிறம் மாறி வருகிறது. பூட்டுமுன் மேசையில் வைத்து, 5 அம்பியர் பியூஸோடு சோதித்துப் பாருங்கள்.

கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சின் வைத்திருப்போருக்கு ஒரு எச்சரிக்கை. எஞ்சினுக்குள் விளக்குக்கு மின்சாரம் தரும் லைட்டிங் கொயிலிலிருந்து நேரே வருவது ஏசி. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிபையர் இல்லாமல், பற்றரி இல்லாமல், அதை வைப்பருக்குக் கொடுத்தால் மோட்டோர் ஓடாது, சூடாகி எரியும்.

பெட்டியில் எழுதாத இன்னொன்று: மோட்டோருக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. கொம்பாஸ் அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஊசி விலகும், வைப்பர் ஓடும்போது வேறு அளவுக்கு விலகும். குறைந்தது 60 சென்றிமீற்றர் தள்ளி வையுங்கள், பிளஸ் மைனஸ் வயர் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்கள். பூட்டி முடித்ததும், போட்டை அசையாமல் கட்டி வைத்து, வைப்பரைப் போட்டும் அணைத்தும் கொம்பாஸைப் பாருங்கள். ஊசி அசையக்கூடாது.

இனித் தண்ணீர். கார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 2 லீற்றர் வாஷர் போத்தல், அதற்குரிய 12 வோல்ட் பம்ப், மெல்லிய குழாய், ஒரு நொசில், இடையில் தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஒரு வால்வு. சுவிச் அழுத்தும்வரை மட்டும் ஓடும் வகை. வைப்பர் சுவிச்சோடு சேர்க்காமல் தனியாக, தனி பியூஸோடு. நொசிலை வைப்பர் கையிலேயே கட்டினால் காற்றில் பீச்சு சிதறாது. அறைச் சுவரில் வைத்தால் எதிர்க்காற்றில் பாதி ஓட்டியின் முகத்துக்குத்தான் வரும். ஒரு அழுத்தலுக்கு 50 மில்லிலீற்றர் என்று வைத்தால் 2 லீற்றர் 40 தடவைக்கு வரும். திமிங்கிலம் பார்த்துத் திரும்பும் ஒரு காலைக்கு அது தாராளம். முதலில் தண்ணீர், இரண்டு விநாடி பொறுத்து வைப்பர் என்ற ஒழுங்கைக் கைக்குப் பழக்க வேண்டும். காய்ந்த உப்பின் மேல் ஓடும் பிளேட் மணல்தாள்தான்.

போத்தலுக்குள் வெறும் நல்ல தண்ணீர். அமோனியா, ஸ்பிரிட் கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பேர்ஸ்பெக்ஸில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். பெற்றோல் நனைத்த துணியால் துடைப்பதும் அப்படியே. கறை உடனே போகும், கண்ணாடியும் பிறகு போகும்.

முச்சக்கர வண்டி வைப்பர் மோட்டோரைப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மலிவு, உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், கேள்வி நியாயமானதுதான். ஆனால் அது வண்டியின் இரும்புச் சட்டத்தை மைனஸாக நம்பிச் செய்யப்பட்டிருந்தால் உடம்பிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். மூடி உப்புத் தெறிப்பைத் தாங்கச் செய்யப்பட்டதும் அல்ல. மூடிய அறைக்குள், மேலே, தண்ணீர் படாத இடத்தில் பூட்ட முடிந்தால் சமாளிக்கலாம். திறந்த முன்கண்ணாடிப் போட்டுக்கு வேண்டாம். அங்கே இந்தப் பெட்டி மோட்டோர்தான் மேல்.

கையின் நுனியைப் பற்றி ஒரு குறை. சில பெட்டிகளில் கை சாதாரண கொக்கி வடிவில் வருகிறது. அதற்குக் கார் கடையில் 12 அங்குல பிளேட் எடுத்து மாட்டலாம். வேறு சிலவற்றில் சிறு ஸ்க்ரூ பிடித்த தனி வகைப் பொருத்தம். அந்தப் பிளேட் இங்கே தனியாகக் கிடைக்காது, முழு செட்டையே மறுபடி தருவிக்க வேண்டிவரும். படத்தைப் பெரிதாக்கிக் கொக்கி வகைதானா என்று பார்த்த பிறகு காசு கட்டுங்கள். இரும்புச் சட்டம் வைத்த பிளேட்டை விட, முழுதும் றப்பரால் மூடிய தட்டைப் பிளேட் உப்பில் அதிக நாள் நிற்கும். எங்கள் வெயிலில் எந்த றப்பரும் வருடத்துக்கு மேல் மிருதுவாக இராது. கரையில் நிற்கும் நாட்களில் பிளேட்டுக்கு அடியில் ஒரு தக்கைத் துண்டைச் செருகிக் கண்ணாடியிலிருந்து தூக்கி வைத்து, மேலே பழைய சாக்கை மூடிக் கட்டினால் போதும். அடுத்த ஓட்டத்துக்கு முன் தக்கையை எடுத்துவிட்டுத்தான் சுவிச்சைப் போட வேண்டும். மறந்தால் 5 அம்பியர் பியூஸ் நினைவூட்டும், ஆகவே மாற்றுப் பியூஸ் நாலு போட்டிலேயே இருக்கட்டும்.